பாப்பாவின் மாத்திரை

என் பேத்தி பிரித்திகா தும்மினால் சித்தூரில் உள்ள ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிரும். நான் மிகைப்படுத்துகிறேன் என்று என் மனைவி தனபாக்கியம் சொல்வாள். நம்பாதீர்கள். குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. கைக்குட்டையை நாலாய் மடித்துப் போட்டால் அதிலேயே படுத்துத் தூங்கிவிடும், அத்தனை சின்னது. தும்மல் மட்டும் லாரி டயர் வெடிக்கிற மாதிரி வரும்.

அப்போது மாம்பழக் காலம். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாங்கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டி நின்றன. வரிசையின் கடைசி டிராக்டர் வேலூரில் நின்றது என்றால் நம்பமாட்டீர்கள் என்பதால், காட்பாடியில் நின்றது என்று குறைத்தே சொல்கிறேன். என் மகன் சாய்குமார் அந்த ஆலையில்தான் கூழின் தரம் பார்க்கிறான். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலைத்தொப்பி. கோட்டை ஆலையிலேயே கழற்றிவிட்டு வந்தாலும் வீட்டில் அவன் பேச்சில் அது தொங்கிக்கொண்டே இருக்கும்.

இடையில் ரெண்டு நாள் மழை. குழந்தைக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துக்கொண்டு, பால் குடிக்கும்போது மூச்சுக்குத் திணறியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பால்குடிக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்தைக் குழந்தை வாயில் ஊற்றமாட்டோம். தாய்தான் குடிப்பாள். அது பாலில் இறங்கிக் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பது கணக்கு. என் சளிக்கெல்லாம் என் அம்மாதான் கசாயம் குடித்தாள். நான் ஒரு மிடறு குடித்ததில்லை.

தனபாக்கியம் ஓமத்தண்ணீர் கொண்டுவந்து மருமகள் மோனிகாவிடம் நீட்டினாள்.

"புள்ளைக்கு மூக்கு கொர்ருன்னு அடச்சிக்கினு கீது. நீ குடி, பால்ல எறங்கும்."

"சளி அவளுக்கு, கசப்பு எனக்கா அத்த?"

"பெத்தியே, அதுக்குத்தான்."

மோனிகா நகரி ஊர்க்காரி. வீடு முழுக்க விசைத்தறி ஓடுகிற குடும்பம். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்ததால், அவள் காதோடு காதாக ரகசியம் சொன்னால் பேருந்து நிலையத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் "குடிக்கறேன்" என்று முணுமுணுத்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

அந்த ஓமத்தண்ணீரோடு விட்டிருந்தால் கதையே இல்லை. சாய்குமார் வந்தான்.

"ஓமமெல்லாம் எந்தக் காலத்துது? சளி மருந்து பாட்டில்ல சின்னப் புள்ளைக்கு குடுக்காதேன்னு போட்டு கீது. அதனால மோனிகா மாத்திரை துன்னட்டும். பால்ல ஃபில்டராகி, புள்ளைக்கு வேண்டிய அளவு மட்டும் போய்ச் சேரும்."

"எப்டிடா சொல்ற?" என்றேன்.

"ஆலையில பழம் எப்டியோ கூழும் அப்டித்தான் நைனா. உள்ள போறதுதான் வெளிய வருது."

கூழை எதிர்த்து இந்த ஊரில் யார் பேச முடியும்? அவனே மருந்துக் கடைக்குப் போய்ச் சளி மாத்திரை அட்டை வாங்கி வந்தான். "பெரியவங்களுக்கா, சின்னவங்களுக்கா?" என்று கடைக்காரர் கேட்டாராம். "துன்றது பெரியவங்கதான்" என்றானாம் இவன். கடைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

நேரம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? நான் ஆர்.டி.சி.யில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சித்தூர் திருப்பதி ரோட்டில் நான் கிழித்த டிக்கெட்டுகளை ஒட்டினால் நிலாவுக்கே ஒரு பாதை போடலாம், திரும்பி வர இன்னொரு பாதையும் போடலாம். வேலையை ஒப்படைத்தேன், விசிலை ஒப்படைக்கவில்லை. காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் கூடத்தில் நின்று ஒரு ஊது ஊதி "பாப்பா மாத்திரை!" என்பேன். மோனிகா கையை நீட்டுவாள்.

"ரிட்டயர் ஆனாலும் விசில் அடங்கல பாரு," என்பாள் தனபாக்கியம். "குக்கர் கூட மூணு விசில்ல நின்னுடுது."

சில நாளில் குழந்தை அடங்கிவிட்டது. அழுகை இல்லை, தும்மல் இல்லை, எந்நேரமும் தூக்கம். "பாத்தியா நைனா, மாத்திரை வேல செய்யுது," என்றான் சாய்குமார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். பால் குடிக்க எழுப்பினால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. பிறகுதான் மொட்டை மாடிக் கொடியைக் கவனித்தேன். ஊருக்கெல்லாம் தோரணம் கட்டுகிற மாதிரி குழந்தைத் துணி பறக்கிற கொடி அது. இப்போது அங்கங்கே ஒன்றிரண்டு ஈரத்துணிதான் தொங்கியது.

அன்று தனபாக்கியம் சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினாள்.

"கொஞ்சமா கீதாம்."

"எது?"

"அதான்."

"எது, பருப்பா?"

"உன் தல. பாலு. மோனிகா அழுவுறா. மாமனார்கிட்ட சொல்ற விசயமா இது, நீயா புரிஞ்சிக்க மாட்டே?"

அவள் அழுததற்குக் காரணம் உண்டு. பிரித்திகா எடை குறைவாகப் பிறந்த குழந்தை. முதல் சில நாள் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை. மோனிகா பாலைக் கையாலேயே பீய்ச்சி, பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டிப் பழக்கியிருந்தாள். பிறகு பால் பெருகி, குழந்தை கன்னம் வைத்து, ஊர்க்கண்ணெல்லாம் பட்டது. அப்படிச் சேர்த்தது இப்போது கைவிட்டுப் போகிறது என்ற பயம் அவளுக்கு.

வீடு சும்மா இருக்குமா? பூண்டு வந்தது. நாங்கள் உரித்த பூண்டின் வாசனையில் சித்தூர்க் கொசுக்கள் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. சுறாப்புட்டு, வெந்தயக்கஞ்சி, முருங்கைக்கீரை எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, என் விசில் கேட்டதும் அந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு மூக்கெல்லாம் கோடையில நீவா ஆறு மாதிரி காஞ்சி கெடக்குது மாமா," என்று ஒருமுறை சொன்னாள். வெயில் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் சாய்குமார் ஒரு பால்பவுடர் டின்னோடு வந்து அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். மோனிகா அதை அண்ணாந்து பார்த்தாள்.

"டாக்டர் சொன்னா தெறக்கலாம். நீ சொல்லி தெறக்கக் கூடாது."

"நான் என்னா விசமா வாங்கியாந்தேன்?"

"விசம்னு நான் சொன்னனா? டாக்டர் சொல்லட்டும்னேன்."

குழந்தை பிறந்ததிலிருந்து பார்க்கிற டாக்டர் திருப்பதியில் இருக்கிறார். சாய்குமாருக்கு ஆலையில் விடுப்புக் கிடையாது. தனபாக்கியத்துக்கு முழங்கால் வீக்கம். ஆக, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன். பால் விஷயம் பேசப்போகிற இடத்துக்கு மாமனார் துணை! தனபாக்கியம் வாசலில் நின்று, "உள்ள போனா வாயத் தெறக்காத, ஃபேனப் பாத்துக்கினு ஒக்காரு," என்று சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் எனக்கு இன்னும் ராஜ மரியாதைதான். கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தான். டிரைவர் ஸ்டீயரிங்கையே கொடுக்க வந்தான், நான்தான் வேண்டாம் என்றேன். பூதலப்பட்டு தாண்டியது, சந்திரகிரி வந்தது. எதிரே வந்த லாரிகள் ஹாரன் அடித்த அடிக்குக் கோட்டைச் சுவரே விழித்துக்கொண்டிருக்கும். குழந்தை கண் திறக்கவில்லை. மோனிகா அதன் பாதத்தைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தாள்.

"தும்மக்கூட மாட்டேங்கிறா மாமா," என்றாள். அன்று அவள் குரல் பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"தும்முவா," என்றேன். மேலே எதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

டாக்டர் காஞ்சனா தெலுங்குக்காரர். வேலூரில் படித்ததால் தமிழும் பேசுவார், இரண்டையும் பிசைந்து பேசுவார். குழந்தையின் உடுப்பைக் கழற்றித் தராசில் போட்டார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சை எண்ணினார், காய்ச்சல் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. சாதாரண சளிதான், அதுவே போகும். பருவு பெரகலேதம்மா. எடை ஏறவே இல்ல, அதுதான் பிரச்சினை. ஏன் இவ்ளோ தூங்குது?"

"தெரியல டாக்டர். எனக்குப் பாலும் கொறஞ்சி போச்சி."

நான் ஃபேனைப் பார்த்தேன். மூன்று இறக்கை.

"நீ ஏதாவது மருந்து சாப்பிடறியா?"

"இல்ல டாக்டர்."

"பாப்பாவுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டு கூட வாயில ஊத்தல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நிஜமா சொல்லுங்க. நாட்டு மருந்து, தூங்கறதுக்கு எதனா?"

"திருமலை இருக்கிற திசையில கையத் தூக்கிச் சொல்றேன். புள்ள வாயில பாலத் தவிர ஒண்ணும் போவல," என்றேன். கையையும் தூக்கினேன். திசை கொஞ்சம் மாறியிருக்கலாம்.

மோனிகா சொன்னதும் நான் சொன்னதும் சத்தியம்தான். டாக்டர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"ரத்தம் ஒண்ணு பாத்துடலாம். அதுவரைக்கும் வெளிப்பால் சேத்துக் குடுக்கணும்மா, புள்ள எளைச்சிடும்."

மோனிகாவின் உதடு துடித்தது. "அப்ப டின்னா டாக்டர்?"

அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் செல்போன் அலறியது. அலாரத்துக்கு நான் வைத்திருப்பது விசில் சத்தம். கடமை என்று வந்துவிட்டால் நான் ஃபேனை எல்லாம் பார்ப்பதில்லை. பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர் பாட்டிலோடு நீட்டினேன்.

"மோனிகா, பாப்பா மாத்திரை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கி வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"ஆகு!" என்று டாக்டர் கத்தினார். நில் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் அலிபிரியில் மலையேறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள் என்று கேள்வி.

"யாரு மாத்திரை அது?"

"பாப்பாவோடது," என்றோம் நானும் மோனிகாவும் ஒரே குரலில்.

"பாப்பா மாத்திரையை அம்மா ஏன் போட்டுக்கறாங்க?"

"பாப்பா சின்னப் புள்ளைங்களே," என்றேன். இதுகூடத் தெரியாதவரை எப்படி டாக்டர் ஆக்கினார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

"அம்மா, இப்பதானே கேட்டேன், மருந்து சாப்பிடறியான்னு?"

"எனக்குன்னு நான் எதுவும் துன்னல டாக்டர். எனக்கு சளியே இல்ல. இது அவளுக்குப் போறது. நான் சும்மா பஸ்ஸு மாதிரி. ஏறி எறங்கறது அவளுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிக்கிற வரை காத்திருந்ததில் எனக்குத் தாடி வளர்ந்துவிட்டது. பிறகு அட்டையை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். சிரிப்பு நின்றது.

"இதுல மூணு மருந்து கலந்திருக்கு. ஒண்ணு காய்ச்சல் மருந்து, அதுல பயமில்ல. ரெண்டாவது மூக்கடைப்பைக் காய வைக்கறது. அது மூக்கோட நிக்காதும்மா, பாலையும் கொறைச்சுடும். மூணாவது தும்மல நிறுத்தறது. அது தூக்கம் குடுக்கும், உனக்கும், பால் வழியா அவளுக்கும். புள்ள தூங்கிக்கினே இருந்தா இழுத்துக் குடிக்காது. குடிக்கலன்னா பால் இன்னும் கொறையும்."

"பால்ல ஃபில்டராகி அளவா போகும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரே டாக்டர்?"

"என்ன வேலை அவருக்கு?"

"மாங்கூழ் ஆலையில."

"நமஸ்காரம்னு சொல்லு. அம்மா கூழ் மெஷின் இல்ல. நீ சாப்பிடற மருந்துல பெரும்பாலானது பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும். குழந்தைக்கு வைத்தியம் ஆகிற அளவுக்குப் போகாது. ஆனா சிலது அந்தக் கொஞ்சத்துலயே அவளைத் தூங்க வச்சிடும். அதனால அவ நோவுக்கு நீ மருந்து சாப்பிடறது வேணாம். அவளுக்கு மருந்து வேணும்னா அவளுக்கே நான் குடுப்பேன்."

மோனிகா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "திரும்பி வருமா டாக்டர்?"

"இன்னிக்கே மாத்திரைய நிறுத்து. எழுப்பி எழுப்பிக் குடிக்க விடு. மார்போட அணைச்சு வச்சுக்கோ. குடிக்கறதுக்கு முன்னாடி மூக்குல இந்த உப்புத்தண்ணி சொட்டு விடு. ரத்தமும் டின்னும் இப்ப வேணாம். வர்ற வாரத் தொடக்கத்துல எடை பாப்போம். ஏறலைன்னா டின்னப் பத்திப் பேசலாம், அதுல வெக்கப்பட எதுவும் இல்ல. நடுவுல மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, குடிக்கவே மாட்டேன்னாலோ எந்நேரமானாலும் உடனே தூக்கிட்டு வா."

எழுந்து வரும்போது மறுபடி கூப்பிட்டார். "இன்னொண்ணு. எந்தக் கடை, எந்த டாக்டரா இருந்தாலும் உன் வாயில வர்ற முதல் பேச்சு 'நான் பால் குடுக்கறேன்'ங்கறதா இருக்கணும். பேரு, ஊரெல்லாம் அப்புறம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் தனபாக்கியம் அடித்த பல்டியை என்ன சொல்ல! இனி மருந்து என்ற பேச்சே இந்த வீட்டில் கூடாது என்றாள். இருமல் மருந்து, தலைவலித் தைலம், தன் முழங்கால் களிம்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினாள். பரண் ஒரு அடி இறங்கிவிட்டது. சாய்குமார் தலையைக் குனிந்துகொண்டு, "கூழ்ல அப்படித்தான்..." என்று ஆரம்பித்தான்.

"உன் கூழுக்கு டாக்டரம்மா நமஸ்காரம் சொன்னாங்க," என்றாள் மோனிகா.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. டின் ஃப்ரிட்ஜ் மேலிருந்து எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி நடந்தோம். மோனிகா அறைக்குள் குழந்தையை நெஞ்சோடு போட்டுக்கொண்டு, நெற்றியில் ஊதி, காதைத் திருகி, தறிக்குரலில் பேசிப் பேசி எழுப்பிக்கொண்டே இருந்தாள். குழந்தை குடிக்கும், தூங்கும், மறுபடி எழுப்புவாள்.

அதற்கு அடுத்த நாள் காலை, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் வேட்டி நனைந்தது. நனைந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது, வெள்ளம் வந்தது. பேப்பரின் கடைசிப் பக்கம் வரை போனது.

"தனபாக்கியம்! சொம்பு எடுத்தாம்மா!" என்று கூவினேன்.

"ஏன், குடிக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவள், வேட்டியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே திரும்பி, "மோனிகா, உம் மாமனார நனச்சிட்டாடி!" என்று சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் குழந்தை கண் விழித்து, மூக்கைச் சுளித்து, தும்மியது. ஜன்னல் கண்ணாடிகளைப் பற்றி நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எடை பார்க்கப் போனபோது ஏறியிருந்தது. "போதும், இப்படியே போகட்டும்," என்றார் டாக்டர்.

இத்தோடு முடிந்தது என்று பார்த்தால், மோனிகாவுக்கே காய்ச்சல் வந்தது. ஒரு பக்கம் பால் கட்டிக்கொண்டு, சிவந்து, குளிர் நடுக்கியது. நான் மறுபடி ஃபேனைப் பார்த்தேன். சித்தூரிலேயே ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மோனிகா கதவைத் திறந்து, நாற்காலியில்கூட உட்காராமல், "நான் பால் குடுக்கறேன்!" என்றாள். நகரித் தறிக்குரல். வெளியே கால் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் "நல்லது தாயி" என்று பதில் சொன்னார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பால் கொடுக்கிறவளுக்கு ஒத்துப்போகிற மருந்தாகவே எழுதினார். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால், சீழ் பிடிக்காமல் இருக்க ஒரு ஆன்டிபயாடிக். பாலை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால்தான் கட்டு பெரிதாகும் என்றார்.

வீட்டில் மறுபடி சபை கூடியது.

"இன்னொரு மாத்திரையா? வேணாவே வேணாம்," என்றாள் தனபாக்கியம். "காய்ச்சல் தானா எறங்கும்."

"இல்லன்னா மருந்து துன்ற வரைக்கும் பால நிறுத்திடலாம். டின்னு கீது," என்றான் சாய்குமார்.

மோனிகா போர்வையைத் தோளில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பல் அடித்துக்கொண்டது.

"அத்த, மருந்த நிறுத்தமாட்டேன். யோவ், பாலையும் நிறுத்தமாட்டேன். நானே கேட்டுக்கினு வந்தேன், இது ரெண்டும் ஒத்துப்போவும். மாமா, விசில் எங்க?"

எடுத்து ஊதினேன். பழக்க தோஷம், வாயில் "பாப்பா மாத்..." என்று வந்துவிட்டது. அவள் கையை நீட்டியபடியே என்னை முறைத்தாள்.

"யாரு மாத்திரை மாமா?"

"உன்னுது," என்றேன்.

"ஹாங்." வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

கட்டு கரைந்துவிட்டது, காய்ச்சலும் விட்டது. அந்த டின் இன்னும் திறக்காமல் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. தனபாக்கியம் அதன் மேல் வெந்தய டப்பாவை வைத்திருக்கிறாள். மாடிக் கொடியில் துணி நிறைந்து, இடமில்லாமல், என் வேட்டிகளைப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப் போடுகிறோம். அவர்கள் மட்டும் இடம் கொடுக்காவிட்டால் சித்தூர் கோட்டைமேடு வரை கயிறு இழுத்திருப்பேன்.